சிவப்பு விளக்கு சொன்ன செய்தி

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் புது வண்டியைக் கோயில் முற்றத்தில் நிறுத்தி, "மந்திரித்துக் கொடுங்கள் சாமி" என்று கேட்பது நம் குமாரபாளையத்துப் பங்கு மக்களிடையே நெடுநாள் வழக்கம். மிதிவண்டி முதல் நூல் மூட்டை ஏற்றும் சிறு லாரி வரையில் நாம் தீர்த்தம் தெளித்த வண்டிகளுக்குக் கணக்கில்லை. சென்ற திங்கள் இரண்டாம் ஞாயிறன்று வந்து நின்றது ஒரு மின்கார். பெட்ரோலும் இல்லை, புகையும் இல்லை, புறப்படும்போது ஓசையும் இல்லை. தீர்த்தச் செம்பை ஏந்தி நின்ற பீடச் சிறுவன், அது நகர்ந்ததையே அறியாமல் ஓரடி பின்வாங்கினான்.

வண்டியை வாங்கியவர் விசைத்தறிகளின் மின்னணுப் பலகைகளைப் பழுது பார்க்கும் இளைஞர். தந்தையார் லுங்கித் தறி ஓட்டுபவர். வீட்டின் பின்புறமே தறிக்கூடம். வண்டி பழையது, கைமாறி வந்தது. ஆனால் அதற்கு மின்னூட்டும் நிலையத்தை விலைக்கு வாங்கவில்லை, தாமே செய்துவிட்டதாக அவர் பெருமையுடன் கூறினார். "சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதையும் ஒரு தடவை மந்திரிச்சுட்டுப் போங்க சாமி" என்று தாயார் அழைத்தார்கள். நாமும் சென்றோம். அன்று மாலை அவ்வீட்டில் நாம் கண்டதையும் பின்னர் விசாரித்து அறிந்ததையும் இத்திங்கள் நம் வாசகக் குடும்பங்களுக்கு எழுதுவது நலமென்று தோன்றுகிறது. மின்கார் இல்லாதவர்களும் படிக்கலாம். பார்க்கப்போனால் இது அவர்களுக்கே மிகுதியும் உரிய செய்தி.

வாசல் தூணில் ஓர் அடி உயரமுள்ள பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதிலிருந்து பெருவிரல் பருமனுள்ள கறுப்புக் கம்பி வடம் தொங்கியது. அதன் நுனியில் ஏழு துளையுடைய பிளக். பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பெரிய வேலைப்பாடு ஏதும் இருக்குமென்று எதிர்பார்த்த நமக்குச் சற்று ஏமாற்றமே. தறி மோட்டாருக்கு வைக்கும் கான்டாக்டர் ஒன்று, உள்ளங்கையளவு மின்னணுப் பலகை ஒன்று, கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று, அவ்வளவே.

"இதைச் சார்ஜர் என்று சொல்வது தவறுங்க சாமி" என்றார் இளைஞர். மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு ஊட்டும் உண்மையான சார்ஜர் வண்டிக்குள்ளேயே இருக்கிறதாம். தூணில் இருப்பது வாயிற்காவலன் மட்டுமே. காவலனும் வண்டியும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை வியப்புக்குரியது. பெட்டி ஒரு மெல்லிய கம்பி வழியே நொடிக்கு 1000 முறை, 12 வோல்ட்டு மேலும் கீழுமாக ஓர் அலையை அனுப்புகிறது. அந்த அலை நூற்றில் எத்தனை பங்கு நேரம் மேலே நிற்கிறதோ, அதை 0.6ஆல் பெருக்கினால் வண்டி எடுத்துக்கொள்ளத்தக்க ஆம்பியர் எத்தனை என்பது கிடைக்கும். 25 பங்கு நின்றால் 15 ஆம்பியர். வண்டி மறுமொழியாக அந்த 12 வோல்ட்டை 9 வோல்ட்டாக இறக்கினால் "வந்துவிட்டேன்" என்று பொருள். 6 வோல்ட்டாக இறக்கினால் "கொடுக்கலாம்" என்று பொருள். அதன் பின்னரே கான்டாக்டர் 'டக்'கென்று ஒட்டி, 230 வோல்ட்டு மின்சாரம் பெரிய கம்பிகளில் பாய்கிறது. ஆதலால் வண்டியில் செருகாத பிளக் மழையில் கிடந்தாலும் அதன் துளைகளில் பெருமின்சாரம் இராது. இம்முறை உலக நாடுகள் பலவும் ஏற்றுக்கொண்ட பொதுமுறை. யாரும் பூட்டி வைத்த இரகசியமன்று. அமெரிக்காவில் கிறிஸ் ஹோவெல் என்பவர் தொடங்கிய 'ஓப்பன் இ.வி.எஸ்.இ.' என்னும் திட்டத்தார், பெட்டியின் வரைபடம் முழுவதையும் எவரும் பார்த்துச் செய்துகொள்ளும்படி வெளியிட்டிருக்கின்றனர். நம் இளைஞர் அதைப் பார்த்தே செய்திருந்தார்.

வீட்டிலேயே வண்டிக்கு மின்னூட்டுவது இன்று நேற்று வந்த புதுமை என்றும் கருதவேண்டாம். ஹென்றி போர்டு பெட்ரோல் கார்களை ஆயிரக்கணக்கில் செய்து குவித்த காலத்தில், அவருடைய மனைவி கிளாரா அம்மையார் ஓட்டியது 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்ற மின்கார், 1914ஆம் ஆண்டு மாதிரி! கைப்பிடி சுழற்றி எஞ்சினை உயிர்ப்பிக்கும் தொல்லை அதில் இல்லை. நம் நாட்டில் 2001இல் பெங்களூரில் வெளிவந்த 'ரேவா' என்னும் சிறு காரும் வீட்டு 15 ஆம்பியர் சாக்கெட்டிலேயே மின்னூட்டம் பெற்றது. ஆகவே பழைய பழக்கமே புது உருவில் திரும்பியிருக்கிறது எனலாம்.

அரசும் இதற்குத் தடை சொல்லவில்லை. மத்திய மின்துறை 2018 டிசம்பரில் வெளியிட்டுப் பின்னர் திருத்திய நெறிமுறைகளில், உரிமையாளர் தம் இல்லத்தில் உள்ள மின் இணைப்பிலேயே வண்டிக்கு மின்னூட்டிக்கொள்ளலாம் என்று 2022 ஜனவரியில் தெளிவாகவே கூறப்பட்டது.

இனி நடந்ததற்கு வருவோம். செபம் சொல்லி முடித்தோம். இளைஞர் பிளக்கை வண்டியில் செருகினார். பச்சை விளக்கு எரிய வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தது. பிடுங்கி மறுபடியும் செருகினார். மறுபடியும் சிவப்பே. தாம் செய்த பலகையில் பழுதோ என்று ஐயுற்று, வண்டியோடு வந்த தொழிற்சாலைக் கம்பி வடத்தை எடுத்து, உள்ளறைச் சாக்கெட்டில் செருகிப் பார்த்தார். அதிலும் சிவப்பு. முகம் வாடிவிட்டது. "எர்த் இல்லைங்கறது சாமி" என்றார்.

அண்டை வீட்டில் வேலையாயிருந்த வயர்மேன் ஒருவர் அழைக்கப்பட்டார். முப்பதாண்டு அனுபவசாலி, நல்லவர். சாக்கெட்டைப் பார்த்த மாத்திரத்தில் சிரித்தார். "இதுக்கா இத்தனை கவலை? இந்த மாதிரி வண்டிக்கு நாலு வீட்டுல போட்டுக் கொடுத்திருக்கேன். நியூட்ரல்ல இருந்து எர்த் காலுக்கு ஒரு துண்டு ஒயர் போட்டா விளக்கு பச்சை ஆயிரும்" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து விரல் நீளத் துண்டுக் கம்பி ஒன்றை எடுத்தார்.

அப்போது தாயார் சமையலறை வாயிலில் நின்றபடி ஒரு வார்த்தை சொன்னார்கள். "அந்த எர்த்து எதோ கோளாறுதான் போலிருக்குதுங்க. மூணு வருசமா வாசிங்மிசினைத் தொட்டாச் சுருக்குங்குது. செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் துணி எடுக்கிறேன்."

அவ்வீட்டில் ஐந்து வயதுப் பேத்தி ஒருத்தி இருக்கிறாள். செருப்பணியாமல் வீடெங்கும் ஓடுகிறவள்.

இளைஞர் வயர்மேனின் கையைப் பற்றிக்கொண்டார். "அண்ணா, அந்த ஒயரை மட்டும் போட வேண்டாங்கண்ணா" என்றார். ஏன் என்று நாம் கேட்டோம். மின்சாரத்தைப் பற்றிக் குருமடத்தில் படித்ததோ பள்ளிக்கூடத்தில் படித்ததோ நமக்கு நினைவில் இல்லை. அவர் ஒரு தாளில் வரைந்து விளக்கியதை நாம் புரிந்துகொண்ட அளவில் இங்கே தருகிறோம்.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு இரு கம்பிகள் வருகின்றன. பேஸ் கம்பியில் மின்சாரம் வருகிறது. நியூட்ரலில் திரும்பிப் போகிறது. மூன்றாவதாகிய எர்த் கம்பிக்கு அன்றாடம் வேலையே இல்லை. அது நம் வீட்டு மண்ணில் ஊன்றிய குழாயோடு இயந்திரங்களின் உலோக உடலை இணைத்து வைக்கிறது. உள்ளே எங்கேனும் கம்பி தேய்ந்து உடலைத் தொட்டுவிட்டால், வந்த மின்சாரம் நம் உடல் வழியே போகாமல் அக்கம்பி வழியே மண்ணுக்குப் போகவேண்டும் என்பதே நோக்கம். பிளக்கின் மூன்று கால்களில் தடித்ததும் நீண்டதும் இதுவே. செருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவும் வேண்டி அவ்வாறு செய்திருக்கிறார்கள்.

நியூட்ரலும் கம்பத்தடியில் மண்ணோடு இணைக்கப்பட்டதுதானே, அதையே எர்த்தாகக் கொண்டால் என்ன என்பது வயர்மேனின் கருத்து. விளக்கு பச்சையாகும், உண்மைதான். ஆனால் ஒரு நாள் கம்பத்திலோ, மீட்டர்ப் பெட்டியின் ஃபியூஸ் கட்டையிலோ நியூட்ரல் மட்டும் கழன்றுவிட்டால்? வீட்டில் எரியும் ஒரு பல்பின் வழியே போன மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கும். அந்தத் துண்டுக் கம்பி வழியே அது வண்டியின் உடல் முழுவதற்கும் ஏறிக்கொள்ளும். அல்லது புயலுக்குப்பின் கம்பம் சீர்செய்யும்போது பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டாலும் அதே கதிதான். தூணில் உள்ள பெட்டி ஆபத்தறிந்து கான்டாக்டரைத் துண்டித்தாலும் பயனில்லை. எர்த் கம்பியை எந்தச் சுவிட்சும் துண்டிப்பதில்லை. அதற்கு மேலும் ஒன்று: வண்டிக்குள் கசிவு ஏற்பட்டால் அக்கசிவு துண்டுக் கம்பி வழியே நியூட்ரலுக்கே திரும்பிவிடுகிறது. போனதும் வந்ததும் சமமாக இருப்பதால் ஆர்.சி.சி.பி.யும் கண்கட்டப்பட்டு நிற்கும்.

வண்டிக்கு ரப்பர்ச் சக்கரம் இருக்கிறதே என்று நாம் கேட்டோம். அதனால்தான் ஆபத்து மிகுதி என்றார் அவர். சக்கரம் வண்டியை மண்ணிலிருந்து பிரித்து வைப்பதால், ஏறிய மின்சாரம் இறங்க இடமின்றிக் காத்திருக்கும். காலையில் ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று வண்டி கழுவுகிறவர் கதவைத் தொடுகிறார் அல்லவா, அவரே அதற்கு வழியாகிறார். குளிர்பதனப் பெட்டி உலர்ந்த அறைக்குள் நிற்பது. கார் வெளியில், மழையிலும் ஈரத்திலும் நிற்பது. இங்கிலாந்தில் பல வீடுகளுக்கு மின் நிறுவனத்தாரே நியூட்ரலோடு சேர்ந்த எர்த்தை வழங்குகின்றனர். அங்குங்கூட வெளியில் நிறுத்தும் மின்காருக்கு அந்த எர்த்தைத் தனிப் பாதுகாப்பின்றி இணைக்கக்கூடாது என்று அவர்களுடைய வயரிங் விதிநூல் கட்டுப்படுத்துகிறது. நியூட்ரல் அறுந்தால் என்னாகும் என்ற அதே அச்சந்தான் காரணம். நம் துண்டுக் கம்பிக்கு எந்த விதிநூலும் இடந்தராது.

வயர்மேன் சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அந்த நாலு வீட்டுக்கும் நாளைக்கே போகோணும்" என்றார். அவர்மீது நமக்கு மதிப்பு உயர்ந்தது அந்த வார்த்தையினால்தான்.

பின் எர்த் கம்பி எங்கே போகிறது என்று தேடும் வேலை தொடங்கியது. மெயின் போர்டிலிருந்து ஒரு பச்சைக் கம்பி சுவருக்குள் புகுந்து, வீட்டின் பக்கவாட்டில் வெளிவந்து, சிமெண்டுத் தளத்திற்குள் மறைந்தது. பத்தாண்டுகளுக்கு முன் வாசலைப் பெரிதாக்கித் தளம் போட்டபோது எர்த் குழியையும் மூடிவிட்டார்கள். கடப்பாரை கொண்டு உடைத்துப் பார்த்ததில் குழாயின் தலைப்பகுதி துருவேறி உதிர்ந்து, கம்பி எதிலும் ஒட்டாமல் மண்ணில் கிடந்தது. வீட்டிலுள்ள மூன்றுகால் சாக்கெட்டுகள் அத்தனையிலும் மூன்றாவது துளை வெறுந்துளை! சலவை இயந்திரமும் கணினியும் போன்ற கருவிகளுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு அமைப்பு உண்டு. அது மிகச் சிறிதளவு மின்சாரத்தை எர்த்துக்கு விடுவது இயல்பு. எர்த் இல்லாதபோது அது உடலில் தங்கி, ஏறக்குறைய பாதி வோல்ட்டு அளவுக்கு நிற்கிறது. தாயாருக்குச் 'சுருக்'கென்றது அதுதான். அந்தச் 'சுருக்' கொல்லாது. ஆயினும் கொல்லும் பழுது நேரும் நாளில் காக்க ஒன்றுமில்லை என்று மூன்றாண்டுகளாக அது அறிவித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நாம்தாம் செருப்பணிந்து சமாளித்தோம்.

ஆழ்துளைக் கிணற்றின் குழாயில் எர்த் கம்பியைக் கட்டிவிடலாமா என்று தந்தையார் கேட்டார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்குப் பேர்போன நம் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு இல்லாத வீடு அரிது. ஆனால் இப்போது இறக்கப்படும் மேற்குழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்; அதில் கம்பி கட்டுவதும் கொடிக்கயிற்றில் கட்டுவதும் ஒன்றே.

புதுக்குழி தோண்டுவதென்று முடிவாயிற்று. இந்த வேலையை வீட்டாரே செய்யலாம். நம் இளைஞரும் தந்தையாரும் இரண்டு நாள் மாலையில் செய்தார்கள். சுவரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, 40 மில்லிமீட்டர் குறுக்களவும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள, துளையிட்ட துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாய். சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக. மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனலும் மூடியிட்ட சிறு தொட்டியும். தோண்டும்போது ஐந்தடிக்குக் கீழே சுக்காம்பாறை தட்டியது. காவிரிக் கரையில் வீடிருப்போருக்கு இத்துன்பம் குறைவு. மேட்டுப்பகுதியில் இருப்போர் வியர்வை சிந்தியே ஆகவேண்டும்.

குழாயை ஊன்றியதோடு வேலை முடிந்ததென்று எண்ணக்கூடாது. அளந்து பார்க்க வேண்டும். எர்த் மெகர் என்னும் கருவியை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து, இரண்டு ஆணிகளைத் தூரத்தில் அறைந்து அளந்தார். முதற்குழியில் 14 ஓம் என்று காட்டியது. பாறை நிலமாதலால் மூன்று மீட்டர் தள்ளி இரண்டாம் குழி தோண்டி இரண்டையும் இணைத்தபின் 8 ஓம் ஆயிற்று. இரவு ஏழு மணிக்குப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பேத்தி கைகொட்டினாள். நாம் மறுபடியும் செபம் சொல்ல நேர்ந்தது.

இங்கே ஒரு கணக்கு உண்டு. கணக்கு வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். 8 ஓம் எர்த்தில் 230 வோல்ட்டு பாய்ந்தால் ஏறக்குறைய 29 ஆம்பியர். சாதாரண எம்.சி.பி. 16 ஆம்பியராயினும் 29க்கு உடனே விழுந்துவிடாது. சிறிது நேரம் பொறுத்துக்கொண்டே இருக்கும். 32 ஆம்பியராயின் விழவே விழாது. ஆகவே நல்ல எர்த் மட்டும் போதாது. 30 மில்லியாம்பியர் கசிவுக்கே, கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உடன் இருந்தாக வேண்டும். எர்த்தும் அதுவும் கணவன் மனைவி போல. ஒன்று மற்றொன்றின் குறையை நிரப்பும்.

ஆர்.சி.சி.பி.யிலும் ஒரு நுட்பம். வண்டிக்குள் நேர்த்திசை மின்சாரம் இருப்பதால், பழுதுற்றால் கசிவதும் நேர்த்திசையாக இருக்கக்கூடும். சாதாரண ஆர்.சி.சி.பி.யின் உள்ளிருக்கும் காந்த வளையம் அந்த நேர்த்திசைக் கசிவில் மந்தமாகிச் செயலிழக்கும்; அதன்பின் வீட்டில் வேறெவருக்கு அதிர்ச்சி நேர்ந்தாலும் அது விழாமல் இருந்துவிடலாம். ஆகவே 6 மில்லியாம்பியர் நேர்த்திசைக் கசிவையும் கண்டறியும் பெட்டியோ, 'பி' வகை ஆர்.சி.சி.பி.யோ தேவை. நம் இளைஞர் முதலில் வைத்திருந்தது கடையில் கிடைத்த சாதாரண 'ஏ.சி.' வகை. சொல்லியபின் மாற்றிவிட்டார். பெட்டிக்கு ஆன செலவில் பெரும்பங்கு இதுதான் என்று முனகினாலும் மாற்றிவிட்டார்.

இனி வெப்பத்தைப் பற்றி. வெந்நீர்ப் பாய்லருக்கும் 15 ஆம்பியர் சாக்கெட்டுத்தானே, காருக்கும் அது போதாதா என்று பலர் கேட்கக்கூடும். பாய்லர் ஓடுவது பத்து நிமிடம். 24 யூனிட் கொள்ளும் பேட்டரியுடைய சிறு கார், மணிக்கு 3.3 யூனிட் வீதம், காலியிலிருந்து நிரம்ப எட்டொன்பது மணி நேரம் முழுச் சுமையுடன் இழுக்கும். அதுவும் வீட்டார் உறங்கும் நேரத்தில். சாக்கெட்டின் திருகு ஒன்று சற்றே தளர்ந்து அங்கே 0.1 ஓம் தடை ஏற்பட்டால் போதும், 15 ஆம்பியரில் 22 வாட்டுக்கு மேல் வெப்பம் அந்த ஒரு புள்ளியில் பிறக்கும். பற்றவைக்கும் சால்டரிங் அயர்னின் வெப்பம் ஏறக்குறைய அவ்வளவே. இரவு முழுவதும் ஒரு சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் வைத்துவிட்டு நாம் உறங்குவோமா? ஆகவே மெயின் போர்டிலிருந்து நேரே, வேறெதற்கும் கிளை பிரியாமல், 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி. 32 ஆம்பியர் பெட்டியாயின் 6 சதுர மில்லிமீட்டர், தூரம் மிகுதியாயின் அதற்கும் மேல். முதல் வாரத்தில் ஒவ்வோர் இரவும் அரைமணிக்கு ஒருமுறை பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது நன்று. வெதுவெதுப்பு போகட்டும், சுட்டால் நிறுத்திவிட வேண்டும்.

ஸ்கூட்டர் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். நம் பங்கில் மின்கார் ஒன்றிரண்டே. மின்ஸ்கூட்டரோ தெருவுக்கு நாலு. 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில், இரவு மின்னூட்டத்தில் இட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பற்ற, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் மாண்ட துயரச் செய்தியைச் செய்தித்தாளில் படித்தது நினைவிருக்கலாம். படுக்கையறையிலும், வெளியேறும் ஒரே வாயிலை மறித்தும் வண்டியை நிறுத்தி மின்னூட்டலாகாது. இடமில்லை என்பார்கள், நெசவாளர் வீடுகளில் இடமில்லாதது நமக்குத் தெரியும். இடமில்லாத வீட்டார் இரவில் ஊட்டாமல், விழித்திருக்கும் வேளையில் திண்ணையில் நிறுத்தி ஊட்டலாமே.

தாமே செய்துகொள்ளலாமா கூடாதா என்று கேட்போருக்கு நம் கருத்து இது. பெட்டியை அறிந்தவர் செய்யட்டும், அறியாதவர் வாங்கட்டும். குழி தோண்டுவதும், பெட்டியைத் தூணில் மாட்டுவதும், கம்பி செல்லும் குழாய் பதிப்பதும் வீட்டார் வேலையே. மெயின் போர்டிலிருந்து புதுக்கம்பி இழுத்து இணைப்பதை மட்டும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்யவேண்டும் என்பது சட்டம். பல்பும் ஃபியூஸும் மாற்றுவதற்கு மேல் வயரிங்கைக் கூட்டவும் மாற்றவும் மற்றவர்க்கு அனுமதியில்லை. மின்வாரியத்தில் நம் வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட சுமை எவ்வளவு என்பதைப் பார்த்து, கூடுதல் சுமைக்கு விண்ணப்பிப்பதையும் மறக்கலாகாது.

சுமையைப் பற்றிப் பேசுகையில் நாம் தயங்கியபடியே எழுதும் செய்தி ஒன்று உண்டு. தந்தையார் அன்று மெல்லிய குரலில் நம்மிடம் கேட்டார்: "பின்னால தறிக்கூடத்து லைன்ல மாட்டிட்டா என்னங்க சாமி? அதுல மூணு பேஸ் இருக்குது, எர்த்தும் நல்லாருக்குது." விசைத்தறிக்கு 2023 முதல் இரு மாதத்திற்கு 1000 யூனிட் இலவசம் என்பதை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை, இருவருக்கும் தெரியும். தறி ஓட்டவென்று வழங்கிய மின்சாரத்தில் கார் ஓட்டுவது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. கண்டால் இருமடங்கு கட்டணம். ஆனால் அபராதத்திற்கு அஞ்சி அன்று நாம் மறுமொழி சொல்லவில்லை. நூல் விலை ஏறி, தறிகளை எடைக்குப் போட்டவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். எஞ்சியிருப்போர் தாங்கி நிற்பது இச்சலுகையின் துணையால்தான். சிலர் அதைக் காருக்குத் திருப்பினார்கள் என்று ஒரு சோதனையில் வெளிப்பட்டால், பழி விழுவது தறிக்காரர் அனைவர்மீதும் அல்லவா? இவ்வளவையும் சொன்னோம். தந்தையார் தலையசைத்தார். "நானும் வேண்டாம்னுதான் நெனச்சேன், கேட்டு வெச்சேன்" என்றார்.

வீட்டு இணைப்பிலும் கணக்குப் பார்த்தே ஊட்டவேண்டும். சிறு கார் ஒரு யூனிட்டுக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓடும். திங்களுக்கு 1000 கிலோமீட்டர் என்றால் இரு மாதத்தில் 270 யூனிட்டுக்கு மேல் கூடும். நம் மாநிலத்தில் இருமாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையுள்ள மலிவுப் படி கைநழுவி, அதற்கும் மேற்படியின் விலையே விதிக்கப்படும். 490க்கும் 510க்கும் இடையே இருபது யூனிட்டே வேறுபாடு. கட்டணத்தில் வேறுபாடு அதைவிடப் பெரிது. அவ்வீட்டார் இப்போது நாட்காட்டியின் ஓரத்தில் மீட்டர் எண்ணைக் குறித்து வருகின்றனர். அப்படியும் பெட்ரோலுக்குக் கொடுத்ததில் சிறு பகுதியே ஆகிறதென்று இளைஞர் மகிழ்கிறார்.

இனி நம் கதை. அன்றிரவு பங்கு இல்லம் திரும்புகையில் ஒரு நினைவு உறுத்தியது. கோயில் பீடத்து மைக்கின் உலோகத் தலை உதட்டில் பட்டால் 'சுரீர்' என்னும். இரண்டாண்டுகளாக! தவக்கால ஒறுத்தல்களில் ஒன்றாக அதையும் எண்ணிக்கொண்டு, நாம் ஒரு சாண் விலகி நின்றே மறையுரை ஆற்றிவந்தோம். பீடச் சிறுவர்களும் அந்த மைக்கில்தான் வாசகம் படிக்கிறார்கள் என்பது அதுவரை நமக்கு உறைக்கவில்லை.

மறுநாள் உபதேசியாரையும் நம் வயர்மேனையும் அழைத்துக்கொண்டு ஒலிபெருக்கி அலமாரியைத் திறந்தோம். கோயிலின் எர்த் குழி நன்றாகவே இருந்தது. ஆம்பிளிஃபயரின் மூன்றுகால் பிளக்கில்தான், தடித்த கால் வேரோடு ஒடிக்கப்பட்டிருந்தது. எந்தத் திருவிழாவிலோ, இருகால் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவதற்காக எவரோ ஒடித்திருக்க வேண்டும். புதுப் பிளக்குக்கு உண்டியலிலிருந்து எடுத்த தொகை மிகச் சிறிது. வயர்மேன் அதை மாட்டிவிட்டு, அந்த நான்கு வீடுகளில் மூன்றாவதற்குப் போவதாகச் சொல்லி விடைபெற்றார்.

அடுத்த ஞாயிறு நாம் மைக்கை ஒட்டி நின்று பேசினோம். மறையுரை வழக்கத்தைவிட நீண்டுவிட்டதென்று பங்கு மக்கள் சிலர் குறைப்பட்டதாகக் கேள்வி.